‘கீது’மேல கை வெச்ச சார்

ரெண்டு வருஷமா எதிர்பார்த்துக்கிட்டிருந்த ஒரு மெயில் போன மாசம் வந்தது. படிச்சு முடிச்சதும் லேப்டாப்பைத் தூக்கிக் கடல்ல போடலாமான்னு இருந்தது. எங்க ராயபுரத்துல கடல் பக்கம்தான், போட்டிருப்பேன்.

முதல்லேர்ந்து சொல்றேன்.

இந்தப் பக்கத்தை விடாம படிக்கிறவங்களுக்கு என் நாத்தனார் ஸ்டெல்லாவைத் தெரியும். காசிமேட்டுல மீன் வியாபாரம். அவ வீட்டுக்காரர் சேவியர் காட்டுப்பள்ளி துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுறார். ஒருநாள் ஸ்டெல்லா “வண்டி சாவி எங்க?”ன்னு மெசேஜ் போட்டிருக்கா. சேவியர், வீட்ல இருக்குன்னு சொல்ல, “வூட்ல கீது”ன்னு டைப் பண்ணியிருக்கார். ஃபோன் தானாத் திருத்தி அனுப்பினது — “வீட்ல கீதா.”

யாரு அந்த கீதா? அன்னிக்கு சாயங்காலம் தெருவே கேட்டது. சேவியர் எங்க வீட்டுக்கு ஓடி வந்துட்டார். “யக்கா, சத்தியமா எனக்கு எந்த கீதாவும் தெரியாது. இந்த ஃபோனுக்கு நம்ம பேச்சு புரியலக்கா...”

நமக்குப் புரியுதே, ஃபோனுக்கு ஏன் புரியக் கூடாது?

எனக்கு ஆபீஸ்ல சாஃப்ட்வேர் எழுதுற வேலை. அந்தக் கோபத்துல, லீவு நாள்ல உட்கார்ந்து ஒரு கீபோர்டு செஞ்சேன். கீது, வூடு, வந்துகினு, பேஜாரு... எதைத் தட்டினாலும் திருத்தாது. ரெண்டு எழுத்து தட்டினா மிச்சத்தை அதுவே எடுத்துக் கொடுக்கும். ஸ்டெல்லா போட்டுக்கிட்டா. அவளைப் பார்த்து மார்க்கெட்ல பாதிப் பேர் போட்டுக்கிட்டாங்க.

ஒரே குறை. பழைய ஃபோன்ல ஒவ்வொரு எழுத்தும் யோசிச்சு யோசிச்சு வரும். ஏலம் நடக்கிற நேரத்துல அப்படி நின்னா மீன் கை மாறிடும். “அண்ணி, இத்த சரி பண்ணு. இல்லாங்காட்டி நான் அந்த கீதாகிட்டயே போயிடுவேன்”னு சொல்லிட்டா ஸ்டெல்லா. மார்க்கெட்ல மத்தவங்களும் ஒவ்வொருத்தரா ஃபோன்லேர்ந்து அதைத் தூக்க ஆரம்பிச்சாங்க. மனசு விட்டுப்போச்சு. எனக்கோ அதைச் சரி பண்ணத் தெரியல.

ஆபீஸ் நண்பர் ஒருத்தர் யோசனை சொன்னார். “ஓப்பன் சோர்ஸா போட்டுடுங்க மேடம். யார் வேணா புரோகிராம் கோடைப் பார்க்கலாம், திருத்தி அனுப்பலாம்னு விட்டுடுங்க. ஆளுங்க வந்து குவிவாங்க.”

போட்டேன். குவிஞ்சாங்களா?

“நல்ல முயற்சி”ன்னு ஒருத்தர். “இதை ஏன் வேற லாங்குவேஜ்ல எழுதல?”ன்னு ஒருத்தர். பிடிச்சிருக்குன்னு ஸ்டார் குத்திட்டுப் போனவங்க கொஞ்சம் பேர். வேலை செய்ய ஈ காக்கா இல்ல. கதவைத் திறந்து வெச்சா, வாசல்ல நின்னு எட்டிப் பார்த்து, “சுவத்துக்கு வேற கலர் அடிச்சிருக்கலாம்”னு சொல்லிட்டுப் போறவங்கதான் அதிகம். தொடப்பத்தை யாரும் எடுக்கறதில்ல.

அப்பதான் அந்த மெயில். அனுப்பினவர் பேர் வேண்டாம், ‘சார்’னு வெச்சுக்குவோம். கீபோர்டோட வேகத்தைப் பிரமாதமா சரி பண்ணி அனுப்பியிருந்தார். போட்டுப் பார்த்தேன். பழைய ஃபோன்ல பறக்குது! சந்தோஷத்துல “வூடு”ன்னு தட்டினேன். “வீடு”ன்னு வந்தது. “கீது”ன்னு தட்டினேன். “இருக்கிறது”ன்னு வந்தது.

மெயிலோட கடைசியில ஒரு குறிப்பு: “கொச்சைச் சொற்களை நீக்கிச் செம்மைப்படுத்தியுள்ளேன்.”

செம்மையா? எங்க பேச்சு என்ன அழுக்குத் துணியா, துவைச்சுக் கொடுக்க?

“வேகத்தை மட்டும் கொடுங்க சார், வார்த்தைங்களை விட்டுடுங்க”ன்னு பணிவாத்தான் கேட்டேன். “இரண்டும் சேர்ந்தே. விருப்பமில்லையெனில் வேண்டாம்”னு பதில் வந்தது.

வேண்டாம்னுட்டேன்.

“வந்த ஒரே ஆளையும் துரத்திட்டீங்களே மேடம்”னு நண்பர் தலையில அடிச்சுக்கிட்டார். ஆமா, துரத்தினேன். உதவி பண்றேன்னு வந்து எங்க வாயைப் பொத்துறவருக்கு ஆரத்தியா எடுக்கணும்?

சார் சும்மா இருக்கல. என் கோடைக் காப்பி எடுத்து, தன்னோட திருத்தத்தைச் சேர்த்து, தனிக் கடை போட்டுட்டார். போடலாம், ஓப்பன் சோர்ஸ்ல அதுக்கு உரிமை உண்டு. வயிறு எரிஞ்சது, ஆனா குத்தம் சொல்ல முடியாது. அப்பதான் கோடோட சேர்த்து நான் போட்ட லைசென்ஸை, அதாவது அதை எடுக்கறவங்களுக்கான நிபந்தனைங்களை, மறுபடி படிச்சேன். காப்பி எடுத்தவர் கோடும் எல்லாருக்கும் திறந்திருக்கணும். யார் வேணா எடுத்துக்கலாம்... நான்கூட!

எடுத்தேன். முள்ளு மீன் ஆயுற மாதிரி, அவர் வார்த்தைங்களைக் களைஞ்சு போட்டுட்டு வேகத்தை மட்டும் பிரிச்சு எடுத்தேன். கண்ணு வலிச்சது, விடல. என் கீபோர்டுல சேர்த்து ஸ்டெல்லாகிட்ட கொடுத்தேன். மறுநாள் ஏலத்துலேர்ந்தே மெசேஜ் போட்டா: “அண்ணி, ஜிவ்வுனு கீது!” விட்டுட்டுப் போனவங்களும் திரும்பி வந்துகினு கீறாங்களாம்.

வேலை செஞ்சவர் பேரைப் போட்டே ஆகணும்னும் லைசென்ஸ்ல இருக்கு. எனக்கும் அதுதான் நியாயமாப் பட்டது. ‘உதவியவர்கள்’னு ஒரு பக்கம் திறந்து சார் பேரைப் போட்டேன். ஒரே பேர்.

பறந்து வந்தது மெயில். “கொச்சைத் தமிழ் மென்பொருளில் என் பெயரா? உடனே நீக்கவும்.”

ஓப்பன் சோர்ஸா போட்டா ஆள் வருமான்னு இப்பவும் சில பேர் கேக்கறாங்க. வரும். நமக்குப் பிடிச்ச ஆளா வரும்னு மட்டும் யாரும் கேரண்டி கொடுக்க மாட்டாங்க. அதுக்காகக் கதவைச் சாத்துவேனா? மாட்டேன். வர்றவங்க செருப்பைக் கழட்டிட்டு வரட்டும், அவ்வளவுதான்.

சாருக்கு என் கீபோர்டுலயே பதில் தட்டினேன். ஒரு வார்த்தையைக்கூட அது திருத்தல.

“உன் பேரு இங்கதான் கீது நைனா. வேணும்னா ‘இருக்கிறது’ன்னு மாத்திப் படிச்சுக்கோ!”