இபு வாகிராவுக்கு ஒரு பெயர்தான்

ராவோன் சூப் ஆறிக்கொண்டிருக்கிறது. இபு வாகிரா அதைக் கண்டுகொள்ளாமல் வலது கையைத் தூக்கிக் காற்றில் எட்டுப் போட்டுக்கொண்டிருக்கிறார். மோட்டார் சைக்கிள் லைசென்ஸுக்குப் போடுவார்களே, அதே எட்டு. படுத்த எட்டு, நின்ற எட்டு, சாய்ந்த எட்டு. விரலிடுக்கில் கட்டைவிரல் நகமளவு ஒரு மின்னணுச் சில்லு, அதிலிருந்து மெல்லிய ஒயர் மடிக்கணினிக்கு ஓடுகிறது. கேன்டீன்கார அம்மாள் மிளகாய்ச் சாந்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஏன் இபு, சூப்புக்குத் திருஷ்டி சுத்தறீங்களா?" என்கிறாள். "சும்மா இரு. இன்னும் ரெண்டு எட்டு பாக்கி. இதுக்கு வடக்கு எதுன்னு இன்னும் தெரியல" என்கிறார் இபு வாகிரா. சூப்பைக் குடிக்க அவர் பையிலேயே மரக்கரண்டி இருக்கிறது. எஃகுக் கரண்டி பக்கத்தில் வந்தால் சில்லுக்குப் புத்தி கெட்டுவிடுமாம்.

இந்தோனேசியாவில், சுரபாயாவின் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் அவர் ஆசிரியை. இபு என்பது பெயரல்ல; அங்கே மரியாதைக்குப் பெண்களை இபு என்றும் ஆண்களை பாக், மாஸ் என்றும் அழைப்பார்கள். வயது நாற்பத்தேழு. உருவம் சிறியது, நடை பெரியது. ஒரு பொருள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது, எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதைக் கண்டுபிடிப்பதுதான் அவர் ஆராய்ச்சி. அதைச் சொல்ல விலையுயர்ந்த கருவிகள் உண்டு. இவர் கையில் இருப்பதோ கெண்டெங் சந்தையில் ஒரு தட்டுச் சாப்பாட்டு விலைக்குக் கிடைக்கும் சில்லு. அதற்குள் மூன்று உறுப்புகள். சுழற்சியை உணர்வது சும்மா இருக்கும்போதே மெல்ல நகர்ந்துபோகும். பூமியின் இழுப்பை உணர்வது லேசாக ஆடினாலே பதறும். வடக்கைக் காட்டுவது இரும்பைக் கண்டால் அதன் பின்னால் போய்விடும். "மூணு புளுகனுங்க. எவனாவது ஒருத்தனை நம்பினே, கெட்டே. மூணு பேரையும் ஒண்ணா நிக்கவெச்சு விசாரிக்கணும். ஒருத்தன் புளுகை இன்னொருத்தன் காட்டிக்குடுப்பான்" என்று வகுப்பில் சொல்வார். மாணவர்கள் இதைத் தேர்விலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். மதிப்பெண்ணும் போட்டிருக்கிறார்.

பக்கவாதம் வந்து கை விழுந்தவர்களுக்குப் பயிற்சி தரும் சிறிய மருத்துவமனையில், நோயாளியின் தோளிலும் முழங்கையிலும் இந்தச் சில்லுகளை ஒட்டுகிறார். கை நேற்றைவிட இன்று எவ்வளவு உயர்ந்தது என்று திரை காட்டும். ஆனால் ஆரம்பத்தில் ஒரு வினோதம். ஆண்களுக்கு வடக்கு வடக்கில் இருந்தது; பெண்களுக்கு வடக்கு தொண்டையில் இருந்தது. மாதக்கணக்காகத் தன் கணக்கைத்தான் திட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் பட்டறையில் குனிந்து வேலை செய்யும்போது மேசைமேல் கிடந்த குட்டித் திருகாணி துள்ளி வந்து அவர் கழுத்தடியில் ஒட்டிக்கொண்டது. தலைத்துணி நழுவாமலிருக்க அங்கே எல்லாப் பெண்களும் கழுத்தடியில் மாட்டிக்கொள்ளும் காந்தப் பொத்தான்! "அட கழுதே, நீயா?" என்று அதைக் கழற்றித் தரையில் எறிந்தார். பிறகு குனிந்து பொறுக்கி, அதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுதிவிட்டார். இப்போது அவர் ஆய்வறை வாசலில் ஒரு பீங்கான் தட்டு இருக்கிறது. உள்ளே போகும் பெண்கள் பொத்தானை அதில் போட்டுவிட்டு முடிச்சுப் போட்டுக்கொள்ள வேண்டும். கல்லூரி முதல்வரின் மனைவி வந்தபோதும் தட்டை நீட்டினார்.

அவர் பெயருக்கு வருவோம். ஜாவாவில் ஐந்து நாளுக்கொரு சுற்றாகச் சந்தை நாட்கள் வரும். அதில் வாகே நாளில் பிறந்ததால் வாகிரா. முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை, அவ்வளவுதான் பெயர். தகப்பன் பெயரை ஒட்டிக்கொள்ளும் வழக்கம் அங்கே இல்லை. ஆனால் வெளியுலகம் விடுகிறதா? விமானச் சீட்டில் இரண்டாவது கட்டம் காலியாக இருக்கக்கூடாதென்று 'வாகிரா வாகிரா' என்று அச்சடித்தார்கள். ஒலிபெருக்கியில் அப்படிக் கூப்பிட்டபோது, இது கடைசி அழைப்பு என்று நினைத்து நாலு பேர் ஓடினார்களாம்.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் ஆராய்ச்சிக் கட்டுரைகளை எண்ணிக் கணக்குச் சொல்லும் இணையதளம் ஒன்று இருக்கிறது. அங்கே ஒரு கட்டுரையை எழுதியவர் வாகிரா வாகிரா. இன்னொன்றை எழுதியவர் வா. வாகிரா. மூன்றாமவர் 'முதற்பெயர் தெரியாத' வாகிரா. நான்காமவர் பெயருக்குப் பின்னால் ஒரு புள்ளி மட்டும் நிற்கிறது. ஒரே மனுஷியின் இருபது வருஷ உழைப்பு நாலு பேருக்குப் பாகம் பிரிந்துவிட்டது. "நாலு வாகிரா இருந்தும் ஒருத்தியும் மேல போகலியே. கை கோத்து ஒண்ணு சேருங்கம்மா" என்று பட்டறையைப் பார்த்துக்கொள்ளும் மாஸ் ஸைனுரி கேலி செய்வார். "சேத்துட்டுத்தான் மாஸ் விடுவேன்" என்பார் இவர்.

விடவும் இல்லை. காரணம் இருக்கிறது. கட்டுரைகளின் எண்ணிக்கை ஒரு கோட்டைத் தாண்டினால்தான் பதவி உயரும். பதவி ஒரு படி உயர்ந்தால்தான் ஆராய்ச்சிப் பணத்தைத் தன் பேரில் கேட்கலாம். இப்போது பணம் துறைத்தலைவர் பாக் ஹேரு பிரஸ்தோவோ பேரில் வருகிறது. அதனால் கட்டுரையிலும் முதல் பெயர் அவருடையது. எட்டுப் போட்டது யார் என்று கட்டுரையில் எங்கும் தெரியாது. பாக் ஹேரு கெட்டவர் என்று சொல்ல முடியாது, சொகுசுக்காரர். "இபு, ஒரு பேரைச் சேத்துக்குங்களேன். புருஷன் பேரு, அப்பா பேரு, ஏதோ ஒண்ணு. ஊரோட ஒத்துப் போனா என்ன?" என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். "எங்கம்மா ஒண்ணுதான் வெச்சா, பாக். இன்னொண்ணை எந்தச் சந்தையில வாங்கறது?" என்பதுதான் எப்போதும் பதில். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிறவரல்ல இபு வாகிரா. முயலைக் கொண்டுவரச் சொல்லி எண்ணிக் காட்டுகிறவர். இணையதளத்துக்கு எழுதினார், எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். அடையாள அட்டை கேட்டார்கள், அனுப்பினார். இரண்டாம் பெயர் இல்லை என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். இல்லாத ஒன்றுக்கு எங்கே போய் அத்தாட்சி வாங்குவது? அதையும் எங்கோ அலைந்து வாங்கி அனுப்பினார்.

போன வாரம் பதில் வந்தது. நாலு வாகிராக்களும் ஒருவராகிவிட்டார்கள். எண்ணிக்கை பதவி உயர்வுக்கான கோட்டைத் தாண்டிவிட்டது. மாஸ் ஸைனுரி வறுத்த வாழைப்பழம் வாங்கிவந்தார். இபு வாகிரா பட்டியலை மேலிருந்து கீழே படித்தார். கடைசி மூன்று கட்டுரைகள் சோயா மொச்சையைத் தின்னும் பூச்சிகளைப் பற்றியவை.

அவர் சோயாவைப் புளிக்கவைத்துத் தெம்பேயாக வறுத்துத் தின்றிருக்கிறார், ஆராய்ச்சி செய்ததில்லை. கிழக்கே ஜெம்பரில் ஒரு வேளாண் கல்லூரியில் இன்னொரு வாகிரா இருக்கிறார். ஐந்தாவதாக அவரையும் வாரிப்போட்டு மூடிவிட்டது இணையதளம். அந்த மூன்றையும் கழித்தால் எண்ணிக்கை கோட்டுக்குக் கீழே வந்துவிடும். பாக் ஹேரு திரையை எட்டிப் பார்த்தார். "பழம் நழுவிப் பால்ல விழுந்திருக்கு. நீங்களா திருடினீங்க? அவங்களா குடுத்தாங்க. பேசாம இருங்க. தொழுகைக்குப் போய்ட்டு வந்து ஒங்க பதவி உயர்வு விண்ணப்பத்துல கையெழுத்துப் போட்டு இன்னிக்கே அனுப்பிடறேன். இதை விட்டா அடுத்தது எப்பன்னு எனக்கே தெரியாது" என்று சொல்லிவிட்டு வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போனார்.

ஆய்வறையில் இபு வாகிரா தனியாக இருந்தார். ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். கொஞ்ச நேரம் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஜெம்பர் கல்லூரிக்குப் போன் போட்டு, ஆளைக் கூப்பிடச் சொன்னார்.

"ஹலோ, வாகிரா பேசறேன்" என்றது மறுமுனை.

"நானும் வாகிராதான் இபு. சுரபாயாலேர்ந்து."

"யாரு? முழுப்பேரு சொல்லும்மா."

"இதுதான் முழுசும்."

மறுமுனையில் சிரிப்பு வெடித்தது. "வாகே அன்னிக்குப் பொறந்தியா? வேற பேரே கெடைக்கலியா நம்ம ஊருல?"

விஷயத்தைக் கேட்டதும் அந்த அம்மாள் கொஞ்சமும் பதறவில்லை. "அதுங்க அங்க வந்துருச்சா? நான் அதையெல்லாம் தேடறதே இல்ல. அடுத்த வருஷம் ரிட்டயர் ஆகப்போறேன், பூச்சியைப் பத்தி இங்க யாரு கேக்கறா? ஒனக்குப் பதவிக்கு ஆகும்னா வெச்சுக்கம்மா. பேரு ஒண்ணுதானே."

சொந்தக்காரரே கொடுத்துவிட்டார். இனி யாரும் குற்றம் சொல்ல முடியாது. இபு வாகிரா பட்டியலைக் கடைசி மூன்று கட்டுரைகள் வரை இறக்கினார்.

"பேரு ஒண்ணுதான் இபு. பூச்சி புடிச்ச கை ஒங்களோடது" என்றார் கடைசியில். "நான் தலைப்பைப் படிக்கறேன். ஒங்களோடதான்னு மட்டும் சொல்லுங்க." முதல் தலைப்பைப் படித்தார்.

"ம்... என்னோடதுதான்."

'இது நான் அல்ல' என்ற கட்டத்தை அழுத்தினார். இரண்டாவதைப் படித்தார்.

"என்னோடது. அந்த வருஷம் மழை கெடுத்துருச்சு, ரெண்டு தடவை நட்டோம்."

அழுத்தினார். மூன்றாவது நீளமான தலைப்பு, காய்த்துளைப்பான் புழு இரவில் எந்தப் பக்கமாக ஏறுகிறது என்பதைப் பற்றியது. நிறுத்தி நிறுத்திப் படித்தார். மறுமுனையில் நாற்காலி நகர்வது கேட்டது. எழுந்து நின்றிருக்க வேண்டும்.

"அது நான் எழுதினது" என்றது குரல், இம்முறை உரக்க. "நான்தான். டார்ச் அடிச்சு நானே பாத்தேன். முதல் பேரு என்னோடது."

அழுத்தினார். எண்ணிக்கை கோட்டுக்குக் கீழே இறங்கிச் சிவப்பாக மாறியது. தாழ்வாரத்தில் தொழுகை முடித்து வரும் பாக் ஹேருவின் செருப்புச் சத்தம் நெருங்கியது. இபு வாகிரா போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. ஜெம்பர்க்கார அம்மாள் அந்தப் புழுவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்திருந்தார். "சொல்லுங்க இபு, கேக்கறேன்" என்றபடியே மறுகையால் கணினியைத் திருப்பி, திரை வாசலைப் பார்க்கும்படி வைத்தார்.