ராம் ஜோடிக்கு அக்கம்பக்கம்

எங்கள் மீன் தொட்டியில் யாரைச் சேர்ப்பது, யாரைச் சேர்க்கக் கூடாது என்பதில் எனக்கு இன்று சந்தேகமே கிடையாது. மற்ற எல்லாவற்றிலும் உண்டு. வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு முறை திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பவள் நான். குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து ஊற்றிவிட்டு, மூடியில் இருந்த கோடு சரியான கோடுதானா என்று மறுபடி பார்ப்பேன். மீன் விஷயத்தில் மட்டும் அப்படி இல்லை. அதற்குக் காரணம் என் மகளின் மூன்றாவது பிறந்தநாள்.

அப்போது இரும்புலியூரில் மாடிப் போர்ஷனில் குடியிருந்தோம். தாம்பரம் மார்க்கெட் பக்கம் மீன் கடை வைத்திருந்த பாயிடம் ஒரு ஜோடி ராம் மீன் வாங்கினேன். சிக்லிட் வகையிலேயே சின்னது, சுண்டுவிரல் அளவுதான். மஞ்சள் உடம்பில் நீலப் பொட்டு மின்னும். சிக்லிட் என்றால் சண்டைக்கார மீன் என்று படித்திருந்ததால் பாயைக் குடைந்தெடுத்தேன்.

"இது சாதும்மா. ஆனா முட்டை வெச்சிடுச்சுன்னா பக்கத்துல யாரையும் அண்ட விடாது," என்றார்.

"அப்போ கூட யாரைத்தான் விடறது?"

"அடியில இருக்கறதை விடாதீங்க. அடி அதோட வூடு."

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. ஒரே குழாயடியை மூன்று குடித்தனம் பங்கு போட்டுக்கொண்ட வீட்டில் வளர்ந்தவள் நான். யாரோடு யார் ஒத்துப்போவார்கள் என்று பார்க்கத் தெரியும். கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று பாய் நீட்டிய சக்கர் மீனை வேண்டாம் என்றேன். ராத்திரியில் கல்லில் படிந்த பாசியோடு சேர்த்து முட்டையையும் சுரண்டித் தின்னும். கோல்டு ஃபிஷ்ஷுக்குக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும், இதற்கு வெதுவெதுப்பு வேண்டும். கடைசியில் நடுத்தண்ணீரிலேயே கூட்டமாகத் திரிந்துகொண்டு, யார் வம்புக்கும் போகாத ராஸ்போரா எட்டு வாங்கினேன். எங்கள் போர் தண்ணீர் வாளியில் வெள்ளை படியும். ராமுக்கு அது ஆகாது. மொட்டை மாடியில் மழைத் தண்ணீர் பிடித்து வைத்துப் பாதிக்குப் பாதி கலந்தேன். "கைக்குழந்தைக்குப் பால் கலக்கற மாதிரி கலக்கறே," என்று என் கணவர் சிரிப்பார்.

இரண்டு முறை முட்டையிட்டு இரண்டு முறையும் மறுநாளே காணாமல் போனது. புது ஜோடி பயத்தில் தானே தின்றுவிடும் என்றார் பாய். மூன்றாவது முறை, பிறந்தநாளுக்கு முந்தைய நாள், தட்டையான கல்லில் ரவையைத் தூவியதுபோல் முட்டைகள். அன்று முழுக்க ஆண் மீன் துடுப்பால் விசிறிக்கொண்டே இருந்தது. இந்தத் தடவை பொரித்துவிடும் என்று நம்பினேன்.

மறுநாள் சாயங்காலம் கீழ்க்கட்டளையிலிருந்து நாத்தனார் வந்தார். என் கணவருக்கு மூத்தவர். கையில் காற்றடைத்த பிளாஸ்டிக் கவர், உள்ளே கறுப்புப் பட்டை போட்ட நான்கு டைகர் பார்ப் மீன்கள்.

"எங்க வீட்ல எட்டு இருக்கு. குழந்தைக்குன்னு நாலு பிடிச்சிட்டு வந்தேன். வெறுங்கையோடயா வருவாங்க?"

குழந்தை கை தட்டினாள். நான் கல்லில் இருந்த முட்டையைப் பார்த்தேன். பார்ப் துடுப்பைக் கடிக்கும், முட்டையைத் தின்னும். ஆனால் அன்போடு கொண்டுவந்ததை எப்படி வேண்டாம் என்பது? புடவையாக இருந்தால் வாங்கிப் பீரோவில் வைத்துவிடலாம். இதை வைக்க வேறு இடம் இல்லை.

"தண்ணி பழகட்டும் அக்கா," என்று கவரைத் தொட்டியில் மிதக்கவிட்டேன். கேக் வெட்டினோம். கேசரி கொடுத்தேன். காபி கொடுத்தேன்.

"இன்னும் பழகலையாம்மா?" என்றார் நாத்தனார்.

"விடேன், நாலு மீன்தானே," என்றார் கணவர்.

விட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. வாயைத் திறந்து சொல்ல வேண்டியதை மரியாதைக்காக விழுங்கினேன்.

காபி டம்ளர் காலியாகும் முன்பே ஆண் ராமின் முதுகுத் துடுப்பில் ஒரு கிழிசல். இரண்டு பார்ப் அதைத் துரத்த, இன்னும் இரண்டு கல்லை நோக்கி இறங்கின. பெண் மீன் தனியாக மறித்துக்கொண்டிருந்தது. "அம்மா, கடிக்குதும்மா," என்று மகள் அழ ஆரம்பித்தாள்.

நான் யாரையும் கேட்கவில்லை. வலையை எடுத்துக் கல்லைத் தொடாமல் ஒவ்வொன்றாகப் பிடித்தேன். நாலாவது செடிக்குள் புகுந்து பாடாய்ப்படுத்தியது. மழைத் தண்ணீர் வாளியில் எல்லாவற்றையும் விட்டேன். முழங்கை வரை ஈரம், பட்டுப்புடவை வேறு.

"ஏன், என் மீன் உன் மீனோட சேராதா?" நாத்தனார் குரல் மாறிவிட்டது.

"சேராது அக்கா. எட்டா இருந்தா தங்களுக்குள்ளயே அடிச்சிக்கும். நாலா பிரிச்சா அடுத்தவங்களை அடிக்கும். பாதி முட்டை போயிடுச்சு பாருங்க. முதல்லயே சொல்லாதது என் தப்பு."

அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். கிழிந்த துடுப்போடு ஆண் மீன் கல்லுக்குத் திரும்பி விசிறத் தொடங்கியிருந்தது.

"கல்யாணத்துக்கு முன்னாடி என் தம்பியைப் பத்திக்கூட இவ்வளவு விசாரிச்சிருக்க மாட்டே."

"விசாரிக்கவே இல்லக்கா."

கணவர் அவசரமாக இன்னொரு கரண்டி கேசரி போட்டுக்கொண்டார். நாத்தனார் சிரிக்கவில்லை. போகும்போது கவரைக் கேட்டு வாங்கி நான்கையும் எடுத்துக்கொண்டு போனார்.

மூன்றாம் நாள் காலை கல்லில் சின்ன வால்கள் துடித்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆண் மீன் அவற்றை வாயால் அள்ளியது. "அப்பா மீன் பாப்பாவைத் தின்னுடுச்சு," என்று குழந்தை அலறினாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். என் வலைக்குப் பயந்துதான் தின்கிறது என்று என்னையே திட்டிக்கொண்டேன். அது மெதுவாக மூலைக்குப் போய், மணலில் தோண்டியிருந்த குழியில் எல்லாவற்றையும் துப்பியது. திரும்பி வந்து மிச்சத்தை அள்ளியது.

அன்று மாலை கீழே வீட்டுக்காரர் போனிலிருந்து நாத்தனாரைக் கூப்பிட்டேன்.

"பொரிச்சிடுச்சா? வளர்ந்ததும் எனக்கு ரெண்டு குடும்மா."

"உங்க எட்டையும் வேற யாருக்காவது குடுத்துட்டுக் கேளுங்க அக்கா. அதுவரைக்கும் தரமாட்டேன்."



"சரிதான் போடி," என்றார். அப்புறம்தான் சிரித்தார்.