பம்புக்கு வைத்த பொட்டு

சிங்கப்பூரில் எங்கள் தோ பாயோ வீட்டில் ஆயுத பூஜை வந்தால் எதுவும் தப்பாது. மிக்சி, இஸ்திரிப் பெட்டி, லேப்டாப் எல்லாவற்றுக்கும் என் கணவர் சந்தனம், குங்குமம் வைத்துவிடுவார். போன வருஷம் என் காற்று பம்பையும் விடவில்லை. கைப்பிடியை மேலே இழுத்து, உள்ளே பளபளவென்று இருந்த தண்டுக்கு வரிசையாகப் பொட்டு வைத்து, அப்படியே அமுக்கி மூடிவிட்டார். எனக்குத் தெரியாது.

நான் ஏர் பிஸ்டல் சுடுபவள். பிஸ்டலுக்கு அடியில் சின்னதாக ஒரு காற்றுச் சிலிண்டர் இருக்கும். கிளப்பில் மெஷின் வைத்து நிரப்பிக்கொள்ளலாம். ஆனால் மெஷினை நம்பி நிற்பது என் குணத்துக்கு ஒத்துவராது, சொந்தமாகப் பம்பு வாங்கினேன். சைக்கிள் பம்பு என்று நினைத்து அதில் கை வைத்தவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

பூஜை முடிந்த அந்த வாரமே என் முதல் போட்டி. அன்று பார்த்து கிளப் மெஷின் மண்டையைப் போட்டது. மற்றவர்கள் முன்பே நிரப்பியிருந்தார்கள். என் சிலிண்டர் காலி. அதனாலென்ன, பம்பு இருக்கிறதே என்று தெனாவட்டாக இழுத்தேன். தண்டெல்லாம் சிவப்புக் கோடு. அமுக்கினால் நறநற. மீட்டர் முள் கொஞ்சம் ஏறி, உஸ்ஸென்று இறங்கியது. என் முறை வருவதற்குள் காற்று ஏறாவிட்டால் போட்டி போச்சு.

"என்ன பண்ணினீங்க இதை?"

கூட வந்திருந்த கணவர் பாவமாக விழித்தார். "சாமி குங்குமம் லா, அது என்ன செய்யும்?"

"ரப்பரைத் தின்னுடுச்சு!"

அங்கேயே பம்பைக் கழற்றினேன். துடைத்து, கீறல் விழுந்த ரப்பர் வளையத்தைத் தூக்கிப் போட்டு, பையில் உபரியாக வைத்திருந்த புதியதை மாட்டினேன். சிலிக்கான் கிரீஸைப் பட்டும் படாமலும் தடவினேன்.

"கொஞ்சம் தேங்கா எண்ணெய் விட்டா ஸ்மூத்தா போகுமே?"

"எண்ணெய் விட்டா அழுத்தத்துல தீப்பிடிக்கும். பேசாம நில்லுங்க."

பம்பு தயார். நான் அடிக்க முடியாது. அடித்தால் கை நடுங்கும், நடுங்கும் கையால் குறி பார்க்க முடியாது. கைப்பிடியை அவரிடம் நீட்டினேன்.

"கையை மடக்காதீங்க. உடம்பு வெயிட்டைப் போடுங்க." கொஞ்சம் அடித்ததும் நிறுத்தச் சொல்வேன். திருகைத் திறந்து, உள்ளே சேர்ந்த ஈரத்தை வெளியேற்றி, பம்பு ஆறியதும் மறுபடி அடிக்கச் சொல்வேன். சட்டை தொப்பலாக நனைந்தும் மனிதர் ஒரு வார்த்தை முனகவில்லை. நான் மடியில் கை வைத்து மகாராணி மாதிரி உட்கார்ந்திருந்தேன். முள் ஏறியது. ஏறிய இடத்திலேயே நின்றது.

பரிசு வரவில்லை. ஆனால் ஒரு குண்டுக்குக்கூட என் கை நடுங்கவில்லை. அந்தப் பெருமை எனக்கு இன்னும் இருக்கிறது.

பிறகு லிட்டில் இந்தியாவில் தேத்தாரே குடிக்க உட்கார்ந்தோம். அவர் டம்ளரைத் தூக்கினார். கை கிடுகிடுவென்று ஆடி, தேநீர் மேசையில் சிந்தியது. டம்ளரை வாங்கி, அத்தனை பேர் பார்க்க, அவர் வாயருகே பிடித்தேன்.

ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்: "அடுத்த வருஷம் பொட்டை எனக்கு வச்சிடு லா. பம்பு நான்தான்."