குவாய் சிம் காத்திருந்த வாசல்

சாயங்காலம் ஆனால் குவாய் சிம்முக்கு வேலை ஒரு நாற்காலியில் உட்காருவதுதான். பூப்போட்ட பழங்காலச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையும் போட்டுக்கொண்டு, கையில் ஒரு சீப்பை வைத்தபடி, சீனக் கடைகள் நிறைந்த பெட்டாலிங் ஸ்ட்ரீட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கும் 'முழுநிலா' மதுக்கூடத்தில் கதவைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். குடிக்க வருகிற இளசுகள் அவள் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொள்வார்கள். கேட்டால் அவர்கள் தலைமுடியை ஒரு குழலில் சுருட்டி மாட்டியும் விடுவாள். அறுபதைத் தாண்டியவளுக்கு இப்படியும் ஒரு பிழைப்பு உண்டா என்று அவள் குடியிருந்த செராஸ் அடுக்குமாடியில் அக்கம்பக்கத்தார் சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

முழுநிலா ஒரு காலத்தில் மதுக்கூடம் இல்லை. அவள் அம்மா நடத்திய பெண்கள் முடி அலங்காரக் கடை அது. கீழே கடை, மாடியில் வீடு. குவாய் சிம்மும், எல்லோரும் ஆ லான் என்று கூப்பிடும் தங்கை குவாய் லானும் பள்ளிக்கூடத்தை விட்டதும் அங்கேயேதான் கத்திரியும் சீப்பும் பிடித்தார்கள். அக்காவுக்குக் கை நேர்த்தி, தங்கைக்கு முகக்களை. கடைக்கு வருகிறவர்கள் "எனக்கு ஆ லான் மாதிரி வெச்சு விடு" என்று கேட்பார்கள் என்பதால், தங்கைக்கு உயரமாகக் கொண்டை போட்டுப் படம் எடுத்து, ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி, அம்மா சுவரில் மாட்டிவைத்தாள்.

அந்த ஆ லான் ஒரு லாரிக்காரனிடம் மனசைக் கொடுத்தாள். அவனுக்கு சிரம்பானில் மனைவி இருந்தாள். விஷயம் தெரிந்த அன்று அம்மா மாடியிலிருந்து அவளுடைய துணிமணிகளைப் படியில் எறிந்தாள். குவாய் சிம் கீழே ஒரு வாடிக்கைக்காரிக்குச் சுருள் மருந்து போட்டுக்கொண்டிருந்தாள். மருந்தை நேரத்தோடு கழுவாவிட்டால் முடி பொசுங்கிவிடும். தங்கை படியிறங்கி, துணிகளைப் பொறுக்கிக்கொண்டு, தன் முதுகுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் நின்றது அவளுக்குத் தெரியும். அவள் திரும்பவில்லை. இதைக் கழுவி முடித்துவிட்டுப் போய்க் கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள். ஈரக்கையோடு வெளியே வந்தபோது சந்தில் மூட்டை இறக்குகிறவர்கள் மட்டும் இருந்தார்கள்.

அம்மா அதற்கப்புறம் சின்ன மகள் பேரை எடுக்கவே இல்லை, எடுக்காமலே செத்தும் போனாள். குவாய் சிம் கடையைத் தனியாக நடத்தினாள். கடிகாரம் பழுதுபார்க்கும் ஒருவர் அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டார். நல்ல மனிதர். ஆனால் ஜொகூருக்குப் போய்க் கடை போட வேண்டும் என்றார்.

"அவ திரும்பி வந்தா கதவ யார் தொறப்பா?" என்று கேட்டாள் குவாய் சிம்.

"வரணும்னா இத்தன வருஷத்துல வந்திருக்க மாட்டாளா?"

அந்த வார்த்தைக்காக அவரோடு பேச்சையே நிறுத்திவிட்டாள். அவர் வேறு ஒருத்தியைக் கட்டிக்கொண்டு போனார்.

பிறகு பழைய வீடுகளுக்கு இருந்த வாடகைக் கட்டுப்பாட்டை அரசாங்கம் எடுத்தது. வாடகை எகிறியதும் சந்து முழுக்கப் பெட்டி படுக்கையைக் கட்டியது. செராஸுக்குப் போகுமுன் பக்கத்துக் காப்பிக்கடை லோவிடம், "ஆ லான் வந்தா, அக்கா செராஸுக்குப் போயிட்டான்னு சொல்லு. மார்க்கெட்டுக்குப் பின்னால இருக்கற அடுக்குமாடி. மறந்துடாத" என்று சொன்னாள். லோ, "ஒன் தங்கச்சியப் பத்தி எங்கிட்ட இத்தோட நூறு வாட்டி சொல்லிட்ட லா, மறப்பேனா" என்றார். சுவரில் இருந்த பெரிய படத்தை மட்டும் அவள் கழற்றவில்லை. வீடு அடையாளம் தெரியாமல் தங்கை திகைத்து நிற்கக் கூடாதே என்று அங்கேயே விட்டுவிட்டாள்.

வீட்டுக்காரர் கதவைப் பூட்டினார். கதவு பூட்டியபடியே வருடங்கள் போயின. லோவும் செத்தார். சொல்ல ஆள் இல்லாமல் போனதும் குவாய் சிம்மே வாரம் தவறாமல் பஸ் ஏறி வந்து, கடை முன்னாலிருந்த அஞ்சடி நடைபாதையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவாள்.

அப்படி வந்த ஒரு நாள்தான் கதவு திறந்திருந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. முடி உலர்த்தும் பழைய தொப்பிகளைக் கவிழ்த்து விளக்காகத் தொங்கவிட்டிருந்தார்கள். தலை அலசும் தொட்டியில் பனிக்கட்டி நிரம்பிக் கிடந்தது. நடுச்சுவரில் தூசி துடைத்த முகத்தோடு ஆ லான். குவாய் சிம் நேரே உள்ளே போய்விட்டாள்.

"ஆண்ட்டி, இன்னும் தொறக்கல. அஞ்சு மணிக்கு வாங்க" என்றான் கடைக்காரன் ஐவன் யாப். முப்பது வயதிருக்கும், கலகலப்பானவன்.

"அது யாரு தெரியுமா?"

"தெரியாதே. இங்கயே கெடந்துச்சு. என்னா அழகு பாத்தீங்களா? அவங்கதான் நம்ம கடைக்கே முகம்."

"என் தங்கச்சி."

ஐவன் கையிலிருந்த புட்டியை வைத்துவிட்டான். அவளை உட்காரவைத்து, குடிக்கக் கொடுத்து, எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டான். கடைசியில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆண்ட்டி, படத்தத் திருப்பிக் குடுன்னு மட்டும் கேக்காதீங்க. வேற என்ன வேணாலும் கேளுங்க" என்றான்.

"படம் வேணாம். அங்கயே இருக்கட்டும். அவ வந்தா தெரியணும்."

"அப்ப நீங்களும் இங்கயே இருங்களேன். சும்மா ஒக்காந்தா போதும். இந்த நாற்காலியில, கதவப் பாத்த மாதிரி."

கதவைப் பார்த்த மாதிரி என்றதும் அவள் தலையாட்டிவிட்டாள்.

ஐவனிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பழசு என்றால் அவனுக்குக் கொள்ளை ஆசை, அவ்வளவுதான். மதுவகைகளுக்கெல்லாம் கொண்டைகளின் பெயர் வைத்தான். நுரை பொங்கும் ஒன்றுக்குத் தேன்கூட்டுக் கொண்டை. மிளகாய் போட்ட ஒன்றுக்குப் பொசுங்கிய சுருள். கதை கேட்ட வாரமே ஒரு புதுப் பானம் கலந்தான். ரம்மில் உப்புப் பிளம்ஸும் சின்ன எலுமிச்சையும் பிழிந்து, ஓரத்தில் ஒரு கொண்டை ஊசியைச் செருகினான். அதன் பெயர் 'லான் வருவாள்'. விலை அட்டையில் அதன் கீழே, 'தங்கை காதலனோடு போய்விட்டாள். அக்கா இன்னும் வாசலில் காத்திருக்கிறாள்' என்று அச்சடித்தான். கடையில் அதிகம் போனது அந்தப் பானம்தான்.

அன்றிலிருந்து வருகிறவன் போகிறவன் எல்லாம் அவளைக் கேட்க ஆரம்பித்தான்.

"என்ன ஆண்ட்டி, தங்கச்சி வந்தாச்சா?"

"இன்னும் இல்ல."

"வந்தா அவங்களுக்கும் ஒரு பூச்சட்டை மாட்டி பக்கத்துலயே ஒக்கார வெச்சிடுங்க. ஜோடியாப் படம் எடுத்துக்கறோம்!"

முதலில் கையிலிருந்த சீப்பைப் பார்த்துக் குனிந்துகொள்வாள். போகப்போகப் பழகிவிட்டது. யோசித்துப் பார்த்தால் இத்தனை வருடத்தில் ஆ லானைப் பற்றி விசாரிக்க நாதியில்லை, இப்போது தினமும் ஒரு கூட்டம் விசாரித்தது. கேலியோ கிண்டலோ, அவள் பெயர் அந்த வீட்டுக்குள் புழங்கியது. குவாய் சிம்முக்கு அது பிடித்தும் இருந்தது.

ஒரு நாள் சாயங்காலம் மழை. கடை திறந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அலுவலகத்துப் பெண்கள் மூன்று பேர் குடையை உதறிக்கொண்டே உள்ளே வந்தார்கள். இரண்டு பேர் உட்கார்ந்தார்கள். நாற்பது வயது மதிக்கத்தக்க மூன்றாவது பெண் மட்டும் உட்காராமல் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஹுய் ஷான், ஒக்காரு. என்ன பேயப் பாத்த மாதிரி?"

"இது எங்கம்மா."

"சும்மா வெளையாடாத."

"இல்லடி. எங்கம்மாதான்." கைப்பேசியைத் தடவி ஒரு படத்தை எடுத்துத் தோழிகளிடம் நீட்டினாள். நரைத்த தலை, தொங்கிய கன்னம். ஆனால் காதுமடலில் ஒரு மச்சம் இருந்தது. சுவரிலிருந்தவளுக்கும் அதே இடத்தில் அதே மச்சம்.

குவாய் சிம் எழுந்து வந்தாள். சீப்பு எங்கே விழுந்தது என்று அவளுக்குத் தெரியாது.

"எங்க இருக்கா?" என்று கேட்டாள்.

"யாரு, அம்மாவா? சிரம்பான்ல இருந்தோம். கொரோனாவுக்கு முந்தின வருஷம் தவறிட்டாங்க." அந்தப் பெண் அவளுடைய பூச்சட்டையை மேலும் கீழும் பார்த்தாள். "நீங்க யாரு ஆண்ட்டி? அம்மாவத் தெரியுமா?"

தோழிகளில் ஒருத்தி அட்டையைப் படித்துக்கொண்டிருந்தாள். பாதியில் நிறுத்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நான் அவ அக்கா" என்றாள் குவாய் சிம்.

"இல்லையே. பெரியம்மா செத்துட்டாங்களே. நாங்க வருஷா வருஷம் ஊதுபத்தி ஏத்திக் கும்பிடுறோமே."

சொன்ன பிறகுதான், என்ன சொன்னோம் என்று ஹுய் ஷானுக்கு உறைத்தது. அவள் கண் கலங்கியது. அவளும் குவாய் சிம்மும் பக்கத்து மேசையில் உட்கார்ந்தார்கள். கேட்பவளுக்கும் சொல்பவளுக்கும் நடுவே ஒரு மெழுகுவத்தி எரிந்தது.

"அப்பா உயிரோட இருந்தவரைக்கும் அம்மாவை இந்தப் பக்கம் விடல. அவர் செத்த வருஷமே என்னைக் கூட்டிக்கிட்டு வந்தாங்க. நான் அப்ப காலேஜ். கதவு பூட்டியிருந்துச்சு. பக்கத்துக் காப்பிக்கடையில அம்மா கேட்டாங்க, அக்கா எங்கன்னு. அவர் ஒரு மாதிரி அம்மாவையே பாத்துட்டு, 'அக்கா போயிட்டா லா'ன்னார்."

"போயிட்டான்னா?"

"ஆமா. அம்மா அப்படியே அஞ்சடியில ஒக்காந்துட்டாங்க. கத்தி அழுதாங்க. அவர் அப்புறமும் ஏதோ சொன்னாரு, அந்தச் சத்தத்துல என் காதுல விழல. காப்பி கொண்டாந்து குடுத்தாரு. அம்மா குடிக்காம எழுந்து வந்துட்டாங்க."

"செராஸுக்குப் போயிட்டேன்" என்றாள் குவாய் சிம். யாரிடமோ சொல்வதுபோல மறுபடியும், "செராஸுக்குத்தான் போயிட்டேன்" என்றாள்.

ஹுய் ஷான் அவள் கையைத் தடவிக்கொடுத்தாள்.

"என்னப் பத்தி ஏதாவது சொல்லுவாளா?"

அந்தப் பெண் தயங்கினாள். "சொல்லுவாங்க. ரொம்ப நல்ல அக்கான்னு சொல்லுவாங்க." குவாய் சிம் அவள் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வேறொண்ணும் சொல்லுவாங்க. 'நான் படியிறங்கி நின்னேன், அக்கா திரும்பியே பாக்கல'ன்னு."

அந்த நேரம் பார்த்து ஐவன் இரண்டு கோப்பை 'லான் வருவாள்' கொண்டுவந்து வைத்தான். அவனும் அழுதிருந்தான், அது பொய் அழுகை இல்லை. "இது நம்ம கடைச் செலவு. ஆண்ட்டி, இது சாதாரண விஷயம் இல்ல. ரெண்டு பேரும் படத்துக்குக் கீழ நின்னீங்கன்னா ஒரு சின்ன வீடியோ..."

"தயவுசெஞ்சு போயிடுங்க" என்றாள் ஹுய் ஷான்.

குவாய் சிம் கோப்பையைத் தொடவில்லை. உள்ளே போய்ச் சட்டையை மாற்றிக்கொண்டு, மழையிலேயே பஸ்ஸுக்கு நடந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹுய் ஷான் அவளைக் காரில் சிரம்பானுக்கு அழைத்துப் போனாள். ஊருக்கு வெளியே ஒரு கோயில். ஒரு கூடத்துச் சுவர் முழுக்க இறந்தவர்களின் பெயர்ப்பலகைகள் வரிசையாக இருந்தன. உள்ளங்கை அகலமுள்ள மரப்பலகைகள், அவற்றில் பொன்னிற எழுத்துகள். ஆ லானின் பலகை இடுப்புயரத்தில் இருந்தது. அதை ஒட்டி இன்னொரு பலகை. வோங் குவாய் சிம். தன் பெயரை இவ்வளவு அழகாக யாரும் எழுதி அவள் பார்த்ததில்லை.

"உயிரோட இருக்கறவங்க பேரு இங்க இருக்கக் கூடாது, பெரியம்மா. ஆகாது. பூசாரிகிட்டப் பேசிட்டேன், சின்னதா ஒரு பூசை பண்ணி எடுத்துடலாங்கறாரு."

"இத யார் வெச்சது? ஒங்கம்மாவா?"

"ஆமா. அன்னிக்கு வந்துட்டுப் போன வாரமே."

"அடிக்கடி வருவாளா?"

"மாசத்துல ரெண்டு தடவையாவது. பஸ் புடிச்சு வந்துடுவாங்க. ஆரஞ்சுப் பழம் வெச்சிட்டு ஏதோ பேசிக்கிட்டே நிப்பாங்க. நான் வெளிய காத்துக்கிட்டு இருப்பேன். முடியாமப் போனப்பகூட சக்கர நாற்காலியில கூட்டிட்டு வரச் சொல்லுவாங்க."

குவாய் சிம் பலகையின் விளிம்பை விரலால் தொட்டுப் பார்த்தாள். வழவழவென்று இருந்தது. ஒரு கை தொட்டுத் தொட்டுத் தேய்ந்த வழவழப்பு.

"எடுக்க வேணாம்" என்றாள்.

"பெரியம்மா, அபசகுனம்..."

"அவ இங்க நின்னு பேசுனப்பல்லாம் நான் செராஸ்ல துணி காயப் போட்டுக்கிட்டு இருந்தேன். அவகூட இருந்தது இதுதான். அவ பக்கத்துலருந்து இத எடுக்காத."

ஹுய் ஷான் வற்புறுத்தவில்லை. திரும்பி வரும் வழியில் இருவரும் சாப்பிட்டார்கள். என்ன பேசுவது என்று இருவருக்குமே தெரியவில்லை. சீனப் புத்தாண்டுக்கு அந்தப் பெண் ஆரஞ்சுப் பழங்களோடு வந்து கும்பிட்டுப் போனாள். பிறகு கைப்பேசியில் விசாரித்தாள், பிறகு அதுவும் குறைந்தது. அவளைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. அவள் அறிந்த பெரியம்மா பலகையில் இருந்தவள்தான். இவள் யாரோ ஒரு கிழவி.

முழுநிலாவுக்கு குவாய் சிம் மறுபடி போகவில்லை. ஐவன் செராஸுக்கே தேடி வந்து கூப்பிட்டுப் பார்த்தான். படத்தைக் கழற்றித் தருவதாகக்கூடச் சொன்னான்.

"எதுக்கு?" என்று கேட்டாள். அவன் திரும்பிப் போனான். கொஞ்ச நாளில் பூடு பகுதியிலிருந்து வேறொரு பாட்டியைப் பிடித்து அந்தப் பூச்சட்டையைப் போட்டு உட்காரவைத்தான். வியாபாரம் குறையவில்லை என்று கேள்வி.

சந்துக்கு வாராவாரம் பஸ் ஏறிய அந்த நாளில் இப்போதும் அவளுக்குத் தானாகவே விழிப்பு வந்துவிடுகிறது. குளிக்கிறாள், தலை சீவுகிறாள், வெளியே போகிற சட்டையை மாட்டுகிறாள். செருப்புப் போடக் குனியும்போதுதான் போவதற்கு இடமில்லை என்பது நினைவுக்கு வருகிறது. சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்துகொள்கிறாள். வெயில் சுவரில் ஏறி, இறங்கிப் போகும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள்.