எட்டில்லாத எண்

எங்கள் அண்ணன் பிளஸ் டூவில் கணக்கைத் தவிர எல்லாப் பாடத்திலும் கோட்டை விட்டான். முடிவு வந்த மறுநாள் வீட்டை விட்டுப் போனவன், ஒரு வாரமாகியும் திரும்பவில்லை. அவன் வந்துவிட்டால் திருத்தணி மலைப்படி அத்தனைக்கும் மஞ்சள் குங்குமம் வைப்பதாக அம்மா வேண்டிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒன்பது வயது. வாயை மூடத் தெரியாத பெண். இப்போதும் பெரிதாகத் தெரிந்துவிடவில்லை.

அரக்கோணம் பக்கம் தண்டவாளத்தில் ஒரு பையன் அடிபட்டுக் கிடந்தான் என்று நைனாவை அடையாளம் பார்க்க அழைத்துப் போனார்கள். திரும்பி வந்தவர், "நம்ம புள்ள இல்ல" என்று மட்டும் சொன்னார். அம்மா அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டாள்.

மறுநாள் ரயில்வே போலீஸ்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்து, போனில் ஒரு சீட்டின் படத்தைக் காட்டினார்.

"பையன் பாக்கெட்டுல இதான் இருந்திச்சி. ஒண்ணுலேர்ந்து ஒம்போது வரைக்கும் எழுதிக்கீது. உங்க புள்ள எழுத்தா பாருங்க."

"எந்தப் பசங்க வேணா எழுதறதுதானேங்க" என்றார் நைனா, படத்தைச் சரியாகப் பார்க்காமலே. "எங்க புள்ளது இல்லீங்க."

விட்டால் போதும் என்று போலீஸ்காரரும் எழுந்தார். அதற்குள் நான் எட்டிப் பார்த்துவிட்டேன். 12345679.

"சார், இதுல எட்டே இல்ல. ஒம்போதால பெருக்கினா எல்லாம் ஒண்ணா வரும். இருபத்தேழால பெருக்கினா எல்லாம் மூணு. எங்க அண்ணன் சொல்லிக் குடுத்தான்."

அவர் நம்பாமல் போனிலேயே பெருக்கினார். 111111111. அடுத்ததும் சரியாக 333333333 என்று வந்தது. எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. எழுபத்திரண்டால் பெருக்குங்கள், விட்டுப்போன எட்டு வரிசையாக வரும் என்று அவசரப்படுத்தினேன். அவர் பெருக்கவில்லை. போனை அணைத்துவிட்டு நைனாவிடம், "உங்க புள்ளதானே?" என்று மெதுவாகக் கேட்டார்.

நைனா தலையைக் குனிந்துகொண்டார். அம்மா அழுத அழுகையில் தெருவே ஓடி வந்தது.

நைனா என்னை அடிக்கவில்லை. "ரெண்டு நாள் கழிச்சி சொல்லியிருந்தா இன்னாம்மா" என்றார், அவ்வளவுதான். அண்ணனின் எண் அவருக்கு மறந்துபோய்விட்டது, நான்தான் ஞாபகப்படுத்தினேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அநாதைப் பிணமென்று ரெண்டு நாளில் யாரோ புதைத்துவிடட்டும், பெற்ற கையால் ஒரு பிடி மண் போட முடியாவிட்டாலும் போகட்டும், பெற்றவள் மட்டும் மகன் எங்கோ இருக்கிறான் என்று நம்பிக்கொண்டு கிடக்கட்டும் என்று ஒரு மனிதன் முடிவெடுத்துவிட்டு வந்திருந்தான் என்பது எனக்கு எங்கே தெரியும்?