புதன்கிழமை மத்தியானம்

அறுபதுகளின் தொடக்கத்தில் தென்காசி ரயில் நிலையத்தில் என் வீட்டுக்காரருக்கு வேலை. வாடகை வீடு, கைக்குழந்தையோடு சேர்த்து இரண்டு பிள்ளைகள். பள்ளிக்கூடத்தில் நான் நன்றாகப் படம் வரைவேன். கல்யாணத்தின்போது கொண்டுவந்த வண்ணப்பெட்டி டிரங்குப் பெட்டிக்குள் சேலைகளுக்கு அடியில் அப்படியே கிடந்தது.

பக்கத்து வீட்டு அக்காவின் கணவர் தையல் கடை வைத்திருந்தார். ஒருநாள் அக்காவின் கோழியைக் கரித்துண்டால் புறவாசல் சுவரில் வரைந்துவிட்டேன். அக்கா பார்த்துவிட்டாள்.

“ஏட்டி, இம்புட்டு நல்லா வரையுதியே. பெறவு ஏன் சும்மா இருக்கே?”

“நேரம் எங்கக்கா இருக்கு?”

“எனக்கும் அதே கததான். வீட்டுல ஆர்மோனியம் தூசி பிடிச்சுக் கிடக்கு.”

மறுநாள் அவளே ஒரு வழி சொன்னாள். புதன்கிழமை மத்தியானம் என் பிள்ளைகளையும் எங்கள் வீட்டு மாவாட்டுகிற வேலையையும் அவள் பார்த்துக்கொள்வாள். சனிக்கிழமை அவள் வீட்டு வேலை என்னுடையது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடுகிற பாட்டை அந்த நேரத்தில் அவள் ஆர்மோனியத்தில் வாசித்துப் பழகலாம்.

முதல் புதன்கிழமை வீடு அமைதியாக இருந்தது. தாளை விரித்து உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. எழுந்து துணி மடித்தேன், அடுக்களையைப் பெருக்க ஆரம்பித்தேன். மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

“என்னட்டி, வாரியல் சத்தம் கேக்குது?”

அடுத்த வாரம் பிள்ளைகளோடு துடைப்பத்தையும் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். வேறு வழியில்லாமல் ஜன்னல் வழியே தெரிந்த குற்றாலம் மலையை வரைந்தேன். மேகம் மாவு கொட்டினாற்போல் வந்தது. ஆனாலும் அன்று சாயங்காலம் அடுப்படியில் என்னையறியாமல் பாடிக்கொண்டே வேலை செய்தேன்.

ஆனி பிறந்து சாரல் விழுந்ததும் வீட்டுக்காரரின் அக்கா, என் மதினி, குடும்பத்தோடு அருவியில் குளிக்க வந்து இறங்கினார். பாய் விரிக்க இடமில்லை. அவர்கள் வந்த முதல் புதன்கிழமை சமையலிலேயே போயிற்று. இரண்டாவதும் அப்படியே போய்விடும்போல் இருந்தது. முந்தின நாள் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

“நாளைக்கு மத்தியானம் எனக்கு வேணும்.”

“எதுக்கு?”

வரைந்ததையெல்லாம் எடுத்துக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“இது நம்ம மலைதானே?” என்றார். பிறகு, “காலைல டூட்டி முடிஞ்சிரும். நீ புளிச்சோறு மட்டும் கட்டிக் குடு. எல்லாரையும் நான் ஐந்தருவிக்குக் கூட்டிட்டுப் போயிருதேன்.”

புறப்படும்போது மதினி வாசலில் நின்று கேட்டார்.

“நீ வரலியா?”

தலைவலி என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை.

“இல்ல மதினி. படம் வரையணும்.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனார். ஆனாலும் உட்கார்ந்துவிட்டேன். ஈர மேகத்துக்கு எவ்வளவு தண்ணீர் தொட வேண்டும் என்பது அன்றைக்குத்தான் கைக்குப் பிடிபட்டது.

சாயங்காலம் ஈரத்தலையோடு வந்த மதினி, காய வைத்திருந்த படத்தின் முன்னால் குனிந்து நின்றார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

“எனக்குக் கூடத்தான் சின்ன வயசுல நூல்ல பூ பின்னப் பிடிக்கும். மேஜவிரிப்பெல்லாம் பின்னுவேன்” என்றார். “பெறவு விட்டுப்போச்சு.”

“இப்ப பின்னுங்களேன், மதினி.”

“நேரம் எங்கட்டி இருக்கு?” என்று சிரித்தார். சிரித்தபின் யோசித்தார். “திங்கக்கிழம மத்தியானம்னா எங்க வீட்டுல யாரும் இருக்க மாட்டாங்க.”

அடுத்த சாரலுக்கு அவர் வந்தபோது பையில் நூலுருண்டையும் ஊசியும் இருந்தன. புதன்கிழமை அன்று அருவிக்கு மற்றவர்கள் மட்டும் போனார்கள். நான் தாளை விரித்தேன். மதினி ஜன்னலோரம் சாய்ந்து உட்கார்ந்து, முதல் பூவைப் பின்ன ஆரம்பித்தார்.