அப்பான்ர பேருக்கு வந்த கடிதம்

நிலத்துக்குக் கீழ இருந்து சூடு எடுத்து வீட்டுக்குத் தாற மெஷினைப் பாத்துக்கொண்டது அப்பாதான். அவர் செத்தாப்பிறகு, மெஷின் துப்பரவாக்க ஆள் வாறதுக்கு டெர்மின், அதான் நாள், குறிக்கச்சொல்லி வருசாவருசம் வாற கடிதம் அவற்ற பேருக்கே வந்தது. பேரைப் பாத்ததும் திறக்க ஏலாமல் ஒளிச்சு வைச்சிட்டன்.

மார்கழியில மெஷின் நிண்டுட்டுது. அம்மா ரெண்டு சுவெற்றரோட நடுங்கினா. அப்பா ஆசையா வைச்சதை நான் நாசமாக்கிப்போட்டன் எண்டு பயந்து, திருத்த வந்த ஜெர்மன்காரரிட்டை அழுதழுது எல்லாத்தையும் சொன்னன்.

அவர் பில்டரைக் கழட்டிக் காட்டினார். "ஊத்தை அடைச்சிருக்கு, அவ்வளவுதான். மெஷினுக்கு ஒண்டுமில்லை." கழுவிப் பூட்ட, ஓடத் தொடங்கிச்சு.

எனக்கு அப்பதான் மூச்சு வந்தது. அம்மாட்டையும் உண்மையைச் சொன்னன்.

"ஓம் பிள்ளை, உன்ர அலுமாரியில அந்தக் கடிதத்தைக் கண்டனான். எனக்கும் திறக்க ஏலேல்லை" எண்டா.

அண்டைக்குத்தான் ரெண்டுபேரும் அப்பாவைப் பற்றிக் கதைச்சம். அவ்வளவு நாளும் நான் மட்டும்தான் அழுறன் எண்டு நினைச்சிருந்தன்.